எத்தனை நாளாக? ஆங்கிலம் பழகுவோம்



"எத்தனை நாளா?" என்ற கேள்வி எங்கே போனாலும் நம்மைத் தேடி வரும். டிஸ்பென்சரிக்குப் போனால், "காய்ச்சல் எத்தனை நாளா?" என்கிறார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் தமிழ் தெரியாத டொக்டர் அதையே ஆங்கிலத்தில் கேட்கிறார். கொழும்புக்கு வேலை தேடிப் போன பிள்ளையிடம், "இந்த வேலையை எத்தனை வருசமாச் செய்றீங்க?" என்று நேர்முகப் பரீட்சையில் கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினால் அங்கேயும் இதே கேள்விதான். பதில் மனசுக்குள் தெளிவாக இருக்கும். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும்போதுதான் மழையில் நனைந்த மலைப்படி மாதிரி கால் வழுக்கும்.

இந்த மாதப் பாடம் அந்த ஒரு பதிலைப் பற்றியது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குப் பிரசன்ட் பேர்பெக்ட் கொன்டினியூவஸ் டென்ஸ் என்று நீளமான பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்னமே தொடங்கிய காரியம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் முறை, அவ்வளவுதான். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஆங்கில எழுத்துத் தெரியாத அம்மாவும் இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கேள்வி கேட்கலாம் என்பதற்காகத்தான். மனசுக்குள் வாசித்தால் பயனில்லை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம். தமிழில், "நான் ரெண்டு வருசமா வேலை செய்றேன்" என்கிறோம். "செய்றேன்" என்பது நிகழ்காலம். அதை அப்படியே மாற்றி, "ஐ ஆம் வேர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். இந்தச் சின்ன வசனத்தில் இரண்டு பிழை இருக்கிறது. தமிழுக்கு "வருசமா" என்ற ஒரு சொல் போதும், அதுவே காலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஆங்கிலத்துக்கு அது போதாது. வினைச்சொல்லிலும் காட்டியாக வேண்டும். சரியான வசனம் இது:

ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஃபோர் டூ இயர்ஸ்.

இதில் "ஹேவ்" காரியத்தை இன்றைய நாளோடு கட்டி வைக்கிறது. "பீன்" அது முன்னமே தொடங்கியது என்கிறது. "வேர்க்கிங்" என்பதில் வரும் "இங்" அது நிற்காமல் ஓடுகிறது என்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் நம் "வருசமா" வரும். ஐ, யூ, வீ, தே என்றால் ஹேவ். ஹி, ஷி, இட் என்றால் ஹேஸ். அம்மா, தம்பி, பாடசாலை என்று ஒரு ஆளோ ஒரு பொருளோ வந்தாலும் ஹேஸ்தான். வேகமாகப் பேசுகிறவர்கள் "ஐவ் பீன்", "ஷீஸ் பீன்" என்று சுருக்குவார்கள். நீங்கள் முழுதாகவே சொல்லிப் பழகுங்கள், சுருக்கம் தானாக வரும்.

அடுத்தது ஃபோர், சின்ஸ் என்ற இரண்டு சொற்கள். இவற்றை மாற்றிப் போடாத ஆள் குறைவு. ஆனால் நம் தமிழே இதற்கு வழி காட்டுகிறது. "மூணு நாளா", "ரெண்டு மாசமா", "ரொம்ப நேரமா" என்று "ஆ" போட்டுச் சொல்கிறோம் அல்லவா, அங்கே ஃபோர். "திங்கக்கிழமையில இருந்து", "காலையில இருந்து" என்று "இருந்து" வந்தால் சின்ஸ்.

மூணு நாளா: ஃபோர் த்ரீ டேய்ஸ். திங்கட்கிழமையில் இருந்து: சின்ஸ் மன்டே. ரொம்ப நேரமா: ஃபோர் எ லோங் டைம். இன்று காலையில் இருந்து: சின்ஸ் திஸ் மோர்னிங்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் ஏமாற்றும். "ரெண்டு வருசத்துல இருந்து" என்றும் சிலர் சொல்வதுண்டு. அங்கே "இருந்து" வந்தாலும் ரெண்டு வருசம் என்பது ஒரு அளவு, தொடங்கிய நாள் அல்ல. அளவு என்றால் ஃபோர்தான். இன்னொன்று, இந்த ஃபோரும் நாலு என்ற ஃபோரும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். நாலு வருசமா என்றால் "ஃபோர் ஃபோர் இயர்ஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் சரி.

உதாரணங்களுக்கு இம்முறை மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் போவோம். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று நம் மலைகளைச் சுற்றி இறங்கும் ஏ5 வீதி போய் முடிவது மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில். அதற்குக் கிட்டத்தான் வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் அது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படிக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் போய்க் குடியேறிய நம் சனமும் உண்டு. ஆகவே அது நமக்கு அந்நியமான ஊர் அல்ல. பேச்சுத்தான் கொஞ்சம் வேறு. நாம் "படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்போம். அங்கே "படிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் "ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங்" ஆகிவிடும், எத்தனை நாளாக என்று சேர்த்துச் சொன்னால்.

மட்டக்களப்பில் மெதடிஸ்ட் மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது. இதைச் சொல்லிப் பாருங்கள்:

த ஸ்கூல் ஹேஸ் பீன் டீச்சிங் சில்ட்ரன் சின்ஸ் எய்ட்டீன் ஃபோர்ட்டீன். 1814இல் இருந்து அந்தப் பாடசாலை பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறது.

அதைத் தொடங்கியவர் வில்லியம் ஆல்ட் என்ற இளம் பாதிரியார். இங்கிலாந்தில் இருந்து வந்து ஒரு வருடம் முடியுமுன்னே, 1815இல், மட்டக்களப்பிலேயே இறந்துபோனார். அவரைப் பற்றிச் சொல்லும்போது "ஹேஸ் பீன்" வராது. "ஹி ஸ்டார்ட்டட் த ஸ்கூல்" என்று இறந்தகாலத்தில் முடித்துவிட வேண்டும். ஆள் போய்விட்டார், பாடசாலை ஓடுகிறது. ஓடுவதற்குத்தான் ஹேஸ் பீன்.

வாவியில் பாடும் மீன் கதையும் அப்படி. முழு நிலா இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்தால் இசை மாதிரி ஒரு சத்தம் கேட்கும் என்பார்கள். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி தானே தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். சத்தம் போடுவது மீன் அல்ல, ஊரி என்கிற சிப்பி வகைதான் என்று அங்குள்ளவர்கள் அவரிடம் சொன்னார்களாம். மீனோ ஊரியோ, வசனம் இதுதான்: பீப்பிள் ஹேவ் பீன் லிசனிங் டு இட் ஃபோர் எ லோங் டைம்.

வாவிக்குக் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. மண்முனையில் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் போக முன்பு "பாதை"தான் இருந்தது. நாம் நினைக்கிற ரோட்டுப் பாதை அல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். 2014இல் பாலம் திறந்தார்கள். இப்போது சொல்லலாம்: தே ஹேவ் பீன் யூசிங் த பிரிட்ஜ் சின்ஸ் டூ தௌசன்ட் ஃபோர்ட்டீன்.

இனி இளைஞர்களிடம் வருவோம். மலையிலும் வாவிக்கரையிலும் இளம் பிள்ளைகளின் புதுப் பழக்கங்கள் இப்போது ஏறக்குறைய ஒன்றுதான். போனில் வீடியோ பார்ப்பது, தானே வீடியோ எடுத்துப் போடுவது, தலைமுடிக்குச் சாயம் அடிப்பது, கொரியா போகக் கொரிய மொழி படிப்பது, ஓட்டோ ஒன்று லீசிங்கில் எடுப்பது. பெரியவர்கள் இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பது என் எண்ணம். பிள்ளைகள் நாள் முழுக்கச் செய்கிற காரியத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கீழே ஒரு போன் பேச்சு. பாடத்துக்காக எழுதியது. அக்கா வந்தாறுமூலையில் படிக்கிறாள். தம்பி தோட்டத்தில், லயத்தில் இருக்கிறான். ஒருவர் அக்காவாகவும் ஒருவர் தம்பியாகவும் இருந்து வாசியுங்கள்.

அக்கா: வட் ஹேவ் யூ பீன் டூயிங்? இவ்வளவு நேரம் என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?

தம்பி: ஐ ஹேவ் பீன் வாச்சிங் வீடியோஸ். வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தேன் அக்கா.

அக்கா: ஃபோர் ஹவ் லோங்? எவ்வளவு நேரமா?

தம்பி: ஃபோர் த்ரீ அவர்ஸ். மூணு மணித்தியாலமா.

அக்கா: ஹேவ் யூ பீன் கோயிங் டு ஸ்கூல்? ஸ்கூலுக்கு ஒழுங்காப் போய்க்கிட்டு இருக்கியா?

தம்பி: நோ. ஐ ஹேவ்ன்ட் பீன் கோயிங் சின்ஸ் வெட்னஸ்டே. இல்லக்கா, புதன்கிழமையில இருந்து போகல.

அக்கா: வை? ஏன்டா?

தம்பி: அம்மா ஹேஸ் பீன் சிக். ஐ ஹேவ் பீன் குக்கிங். அம்மாவுக்குச் சுகமில்ல. நான்தான் சமைக்கிறேன்.

அக்கா: வட் இஸ் ரோங்? என்ன செய்யுது அம்மாவுக்கு?

தம்பி: ஷி ஹேஸ் பீன் கோஃபிங் ஃபோர் த்ரீ வீக்ஸ். மூணு கிழமையா இருமிக்கிட்டே இருக்காங்க.

அக்கா: த்ரீ வீக்ஸ்! டேக் ஹேர் டு த ஹொஸ்பிட்டல் டுமோரோ. மூணு கிழமையா! நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். தம்பி சொன்ன அந்த இருமல் வசனத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். "ஷி இஸ் கோஃபிங்" என்றால் இப்போது இருமுகிறார் என்றுதான் டொக்டர் எடுத்துக்கொள்வார், ஒரு பாணி மருந்தோடு அனுப்பிவிடலாம். "ஷி கோஃப்ட் ஃபோர் த்ரீ வீக்ஸ்" என்றால் மூன்று கிழமை இருமி, அது நின்றும் விட்டது என்று அர்த்தம். "ஷி ஹேஸ் பீன் கோஃபிங் ஃபோர் த்ரீ வீக்ஸ்" என்றால்தான் தொடங்கியது நிற்கவில்லை என்று விளங்கும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய் மருந்தால் குணமாகிற நோய், அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். பரிசோதனைக்கு அனுப்புவதா இல்லையா என்பது அந்த "ஹேஸ் பீன்" என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கலாம். லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுக்கு இது சின்ன விசயமா?

பேச்சில் இன்னொரு காரியமும் கவனித்திருப்பீர்கள். "அம்மா ஹேஸ் பீன் சிக்" என்றபோது "இங்" வரவில்லை. சுகமில்லாமல் இருப்பது ஒரு நிலை, செய்கிற வேலை அல்ல. அதனால் பீன் மட்டும் போதும். இப்படி "இங்" ஏற்காத வினைகளும் சில உண்டு: தெரிந்திருப்பது, பிடித்திருப்பது, சொந்தமாக வைத்திருப்பது. "எனக்கு அவனைப் பத்து வருசமாத் தெரியும்" என்பதற்கு "ஐ ஹேவ் பீன் நோயிங்" என்று சொல்லக்கூடாது. "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபோர் டென் இயர்ஸ்" என்று சொல்ல வேண்டும். இதையும் தமிழே சொல்லித் தருகிறது. நாமும் "அவனைப் பத்து வருசமாத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்வதில்லையே! தமிழில் "கிட்டு இருக்கேன்" ஒட்டாத இடத்தில் ஆங்கிலத்திலும் "இங்" பெரும்பாலும் ஒட்டாது.

எண்ணிக்கை வந்தால் வசனம் மாறும். "ஜனவரியில இருந்து வீடியோ எடுக்கிறேன்" என்றால் "ஐ ஹேவ் பீன் மேக்கிங் வீடியோஸ் சின்ஸ் ஜனுவரி". "பத்து வீடியோ எடுத்திருக்கேன்" என்றால் "ஐ ஹேவ் மேட் டென் வீடியோஸ்". எத்தனை நாள் என்பதற்குப் பீன் உண்டு, எத்தனை உருப்படி என்பதற்குப் பீன் இல்லை. "இன்னைக்கு இருபது கிலோ கொழுந்து எடுத்திருக்கேன்" என்பதும் உருப்படிக் கணக்குத்தான்: ஐ ஹேவ் பிளக்ட் ட்வென்ட்டி கிலோஸ் டுடே.

சில வேளை காரியம் இப்போதுதான் நின்றிருக்கும், அடையாளம் மட்டும் மிச்சமிருக்கும். அதற்கும் இதே முறைதான். கண் சிவந்த பிள்ளையைப் பார்த்து, "யூ ஹேவ் பீன் வாச்சிங் த போன் ஒல் நைட்!" என்று அம்மா சொல்லலாம். விடிய விடியப் போன் பார்த்திருக்கே! வெளியே படி ஈரமாக இருந்தால், "இட் ஹேஸ் பீன் ரெயினிங்". மழை பெய்திருக்கு.

நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இன்னும் அந்தக் கடையில்தான் வேலை என்றால் "ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் இன் எ ஷொப் ஃபோர் டூ இயர்ஸ்". போன மாதமே விலகிவிட்டால் "ஐ வேர்க்ட் இன் எ ஷொப் ஃபோர் டூ இயர்ஸ்". விலகிய பிறகு "ஹேவ் பீன் வேர்க்கிங்" என்றால், இன்னும் அங்கே வேலை செய்வதாகத்தான் கேட்கிறவர் நினைப்பார். கடைக்குப் போன் எடுத்து விசாரித்தால் பிள்ளை பொய் சொன்னதாக ஆகிவிடும்.

இந்த வித்தியாசம் நம் சொந்தக் கதையிலும் இருக்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று 2015இல் இருந்து கேட்டோம். 2021இல் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரத்தைப் பற்றிப் பேசினால் "வீ ஆஸ்க்ட் ஃபோர் இட்". முடிந்த கேள்வி. காணிக்கும் சொந்த வீட்டுக்கும்? வீ ஹேவ் பீன் ஆஸ்கிங் ஃபோர் லேன்ட்.

இளைஞர் பழக்கம் என்றால் போன் மட்டும் அல்ல. மட்டக்களப்பில் ஒரு காலத்தில் புதிதாக வந்து இன்று வேரூன்றிவிட்ட பழக்கம் கூடைப்பந்து. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கு அதில் தனிப் பெயர். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைப் பாதிரிமார் அங்கே படிப்போடு விளையாட்டையும் வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். லூயிசியானா மாநிலத்தவர். 1948இல் இலங்கைக்கு வந்து, கூடைப்பந்துப் பயிற்றுநராகப் பல தலைமுறைப் பிள்ளைகளை உருவாக்கியவர். யுத்த காலத்தில், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் கூடப் போன இளைஞரும் வந்து சேரவில்லை.

பொய்ஸ் ஹேவ் பீன் பிளேயிங் பாஸ்கெட்போல் தேர் ஃபோர் மெனி இயர்ஸ். பல வருசமாக அங்கே பையன்கள் கூடைப்பந்து விளையாடி வருகிறார்கள்.

பீப்பிள் ஹேவ் பீன் ஆஸ்கிங் எபவுட் ஹிம் சின்ஸ் நைன்டீன் நைன்ட்டி. 1990இல் இருந்து அவரைப் பற்றிச் சனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அவரைப் போல் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கிழக்கில் ஏராளம். அவர்களுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு வசன முறைதான் பொருந்தும்: தே ஹேவ் பீன் வெயிட்டிங்.

இனிப் பயிற்சி. தமிழில் தருகிறோம், ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

1. நான் ஆறு மாசமாக் கொரிய மொழி படிக்கிறேன்.
2. அவள் காலையில் இருந்து கொழுந்து எடுக்கிறாள்.
3. நீங்க எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கீங்க?
4. பிள்ளைக்கு ரெண்டு நாளா வாந்தி.
5. தம்பி போன வருசத்தில் இருந்து ஓட்டோ ஓட்டுறான்.
6. எனக்கு இந்த டீச்சரை நாலு வருசமாத் தெரியும்.
7. நான் ஒழுங்காத் தூங்குறதில்ல, ஒரு கிழமையா.
8. அவங்க மூணு வீடியோ எடுத்திருக்காங்க.

விடைகள்: முதலாவது, ஐ ஹேவ் பீன் லேர்னிங் கொரியன் ஃபோர் சிக்ஸ் மன்த்ஸ். இரண்டாவது, ஷி ஹேஸ் பீன் பிளக்கிங் டீ சின்ஸ் திஸ் மோர்னிங். மூன்றாவது, ஹவ் லோங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்? நான்காவது, த சைல்ட் ஹேஸ் பீன் வொமிட்டிங் ஃபோர் டூ டேய்ஸ். இதை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்து வையுங்கள். ஐந்தாவது, மை பிரதர் ஹேஸ் பீன் டிரைவிங் எ த்ரீவீலர் சின்ஸ் லாஸ்ட் இயர். ஆறாவதில் "இங்" வராது: ஐ ஹேவ் நோன் திஸ் டீச்சர் ஃபோர் ஃபோர் இயர்ஸ். ஏழாவது, ஐ ஹேவ்ன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல் ஃபோர் எ வீக். எட்டாவது உருப்படிக் கணக்கு, ஆகவே பீன் இல்லை: தே ஹேவ் மேட் த்ரீ வீடியோஸ்.